மருந்தின் மெய்ப்பெயர்

தைப்பொங்கல் கழிந்து இரண்டொரு நாளில் என் தங்கையின் பேத்தி பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைக் காண இரத்தினபுரிக்கு வந்திருந்தாள். உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் நன்கு தேறியிருப்பவள். வீட்டிலே தாதியர் பயிற்சிக்குப் போ என்கிறார்களாம். ஆசிரியத் தொழிலென்றாலும் சம்மதமாம். அவளுடைய மனமோ மருந்தியல் என்னும் துறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பல்கலைக்கழகம் சென்று அதைப் படித்து, பின்னர் ஆராய்ச்சி வழியே போக வேண்டும் என்கிறாள். நாற்பது வருடங்களுக்கு மேலாக மருந்துக்கடையில் நின்றவன் என்பதால் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று தாயார் அனுப்பிவைத்தாளாம். தாத்தா வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் அனுப்பியிருக்க வேண்டும்.

நான் வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒரு மனிதருடைய கதையைச் சொன்னேன். அவர் பெயர் பேராசிரியர் சேனக பிபிலே. நான் அவரை ஒரு நாளும் நேரிற் கண்டதில்லை. என் கடை அலுமாரியின் தட்டுகள் மாறிய மாற்றத்திலேதான் அவரை அறிந்தேன். அவளுக்கு அன்று சொன்னதை இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் தீராது. நான் பிறந்தது இறப்பர்த் தோட்டத்து லயமொன்றில், 1952ஆம் ஆண்டில். தாயும் தந்தையும் விடியுமுன் பால்வெட்டுக்குப் போவார்கள். தோட்டத்து மருந்துச்சாலையில் சிவப்புத் தண்ணீர், வெள்ளைத் தண்ணீர் என்று இரண்டொரு கலவைகள் இருக்கும். வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்ட, பல்லுப் பல்லாகக் கத்தரித்த ஒரு காகித நாடாவைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். எழுத்தறியாதவர்களுக்கு அந்தக் காகிதப் பல்லே வைத்திய சாத்திரம்.

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது என் தம்பிக்கு நெஞ்சிற் சளி கட்டி காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயா தம்மால் ஆகாதென்று நகரத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து கைவசம் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றது கடை. அப்பா பஸ் ஏறி அவிசாவளைக்குப் போனார். அங்கும் இல்லை. இரவு வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். அந்தத் துண்டை மட்டும் அப்பா தகரப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்.

1968இல் இரத்தினபுரியில் ஒரு மருந்துக்கடையில் நான் கையாளாகச் சேர்ந்தேன். பெயர்களைப் படிக்கத் தெரிந்த பின் ஒரு விடுமுறையில் தகரப்பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தது ஒரு கம்பனி வைத்த பெயர். அதன் உட்பொருள் டெட்ராசைக்கிளின். அதே பொருளை வேறு கம்பனிகள் வேறு பெயர்களில் விற்றுக்கொண்டிருந்தன. எங்கள் கடைத் தட்டிலேயே அப்படி இரண்டு இருந்தன. அன்று கடைக்காரர் இல்லையென்று சொன்னது ஒரு பெயரை. அந்தப் பொருள் வேறொரு பெயரோடு அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் தம்பி பிழைத்திருப்பான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணம் அன்று என்னுள் நுழைந்தது; இன்னும் வெளியேறவில்லை. எந்த வைத்தியர், எந்தக் கடை என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி நடந்தவர்கள்.

இனி பிபிலேயின் கதைக்கு வருகிறேன். ஊவாவில், வெல்லஸ்ஸைப் பகுதியின் பிபிலே என்னும் ஊரைச் சேர்ந்த வளவுக் குடும்பத்தில் 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் ரட்டே மஹத்தயா என்னும் பதவி வகித்தவர். ஆகவே நெல்லும் நிலமும் ஏவலாளரும் நிறைந்த வாழ்வு. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். அவருக்குப் பதினான்கு பதினைந்து வயதான காலத்தில், 1934, 35ஆம் ஆண்டுகளில், நாட்டைப் பெரும் மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கவே, நுளம்பு பெருகிற்று. வழக்கமாகக் காய்ச்சல் காணாத ஈரவலயத்து மக்களின் உடலில் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. மிக மோசமாக அடிபட்ட இடங்களுள் எங்கள் சப்பிரகமுவையின் கேகாலை மாவட்டமும் ஒன்று. அங்கே என். எம். பெரேராவும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவர்களுடைய தோழர்களும் பருப்பும் மருந்தும் சுமந்து வீடு வீடாகப் போனார்கள். பெரேராவைக் கிராமத்தவர் பருப்பு மஹத்தயா என்றே அழைத்தனர். என் பாட்டி கொயினா என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பாள். அந்தக் கசப்பு அவ்வளவு காலம் நாவில் நின்றது. இந்த விக்கிரமசிங்கவின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடங்களுக்குப் பின் அவர் நம் கதையில் மீண்டும் வருவார்.

பிபிலே கொழும்பில் வைத்தியம் பயின்றார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது பழைய வைத்தியக் கல்லூரி அதன் பீடமாயிற்று. 1945இல் அவர் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அத்தகைய சித்தியோடு அக்காலத்தில் ஒருவர் கொழும்பில் தனிவைத்தியம் தொடங்கினால் நான்கைந்து வருடத்தில் மாளிகை கட்டலாம். அவர் தேர்ந்துகொண்டதோ மருந்தியல் என்னும் துறை. நோயாளி வந்து காணிக்கை வைக்காத துறை அது. பெயர்ப்பலகைக்கும் அங்கே வேலையில்லை.

மருந்தியல் என்றால் என்ன என்று பேத்தி என்னைக் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மருந்தைச் சேர்ப்பதும் காப்பதும் அளந்து கொடுப்பதும் மருந்தாளர் தொழில். என் வாழ்க்கை அதன் வாசற்படியிற் கழிந்தது. மருந்து உடலுக்குள் புகுந்தபின் எங்கே போகிறது, எதைத் தொடுகிறது, எவ்வளவில் குணம் செய்கிறது, எவ்வளவில் கேடு செய்கிறது, உடல் அதை எப்படி வெளியேற்றுகிறது என்று ஆராய்வது மருந்தியல். இறப்பர் ஸ்டோரில் பாலைத் தட்டில் ஊற்றி அமிலம் விடுவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அமிலம் குறைந்தால் பால் உறையாது. கூடினால் தகடு விறைத்துக் கெட்டுவிடும். அளவே எல்லாம் என்ற பாடத்தை நாங்கள் பள்ளிக்கூடம் போகுமுன்பே கற்றுவிடுகிறோம்.

இத்துறைக்கென ஒரு பல்கலைக்கழகத்தில் முதன்முதல் ஆய்வுகூடம் அமைத்தவர் ருடோல்ஃப் புக்ஹைம் என்னும் ஜெர்மானியர். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என வழங்கும் டோர்பாத் நகரத்தில், 1847ஆம் ஆண்டளவில், தம் வீட்டு நிலவறையிலேயே அதைத் தொடங்கினார். அதுவரை மருந்தைப் பற்றிய அறிவு பட்டியலாகவே இருந்தது: இன்ன வேர் இன்ன நோய்க்கு, இன்ன பட்டை இன்ன காய்ச்சலுக்கு என்று. ஏன் என்ற கேள்வியை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். பாரதத்திலே கல்கத்தாவில் ராம்நாத் சோப்ரா அந்தக் கேள்வியை நம் பக்கத்து மூலிகைகளிடமும் கேட்டார்.

பிபிலே மேற்படிப்புக்குச் சென்றது ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகம். அப்போது அங்கே அத்துறைக்குத் தலைவராயிருந்தவர் ஜோன் கடம். உயிருள்ள தசையைக் கொண்டு மருந்தை அளக்கும் கலையில் அவர் பேர்பெற்றவர். குடலின் ஒரு துண்டை இளஞ்சூடான உப்புநீரில் தொங்கவிட்டு, அதன் மேல் மருந்தைச் சொட்டினால் அது சுருங்கும்; அந்தச் சுருக்கத்தைப் புகையூட்டிய உருளையிலே ஓர் ஊசி கோடாகக் கீறும். கோட்டின் உயரம் மருந்தின் அளவைச் சொல்லும். அக்கால மருந்தியல் மாணவர் எல்லோரும் இந்தப் புகைக்கரியைக் கையிற் பூசிக்கொண்டவர்களே. அந்த உருளை, போத்தலின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் படிப்பதில்லை. உள்ளே இருப்பதற்குத்தான் பதில் சொல்லும். பிபிலே 1950களின் தொடக்கத்தில் கலாநிதிப் பட்டத்தோடு நாடு திரும்பினார். 1958இல் மருந்தியற் பேராசிரியரானார். அத்துறையில் இலங்கையின் முதற் பேராசிரியர் அவரே.

அவருடைய கற்பித்தலைப் பற்றி நான் அறிந்தது அவரிடம் பயின்ற வைத்தியர்கள் எங்கள் கடைக்கு வரும்போது சொன்னவை மட்டுமே. மனனம் செய்து ஒப்புவிப்பதை அவர் விரும்பியதில்லையாம். பின்னாளில் பேராதனை மருத்துவ பீடத்தில் பீடாதிபதியாயிருந்து, ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் முறையைப் பயிற்றும் மருத்துவக் கல்விப் பகுதியை உருவாக்கினார். இது பெரிய காரியம்தான். ஆயினும் எனக்கு நெருக்கமானது மற்றொன்று. 1950களின் இறுதியில் அரசாங்க வைத்தியசாலைகளுக்கென ஒரு மருந்துக் கையேடு தயாரிக்கப்பட்டது. அந்தப் பணியிலும், வைத்தியர்களுக்கு மருந்துகளைப் பற்றி நடுநிலையான செய்தி தரும் சிறு வெளியீட்டிலும் அவருடைய உழைப்பு மிகுதி. கையேட்டில் மருந்துகள் தம் பொதுப்பெயரில் இருந்தன. கம்பனிப் பெயருக்கு அங்கே இடமில்லை.

அவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். வளவிலே பிறந்தவர் இடதுசாரியானது அக்காலத்தில் அத்தனை அபூர்வமன்று. ஆனால் கட்சிக்காரர் பலர் மேடையிற் பேசிய விஷயத்தை இவர் கணக்கிட்டுக் காட்டினார் என்பதே வேறுபாடு. 1970இல் ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்தது. மறு ஆண்டில் பிபிலேயும் நான் முன்பு குறிப்பிட்ட வைத்தியர் விக்கிரமசிங்கவும் சேர்ந்து இலங்கையில் மருந்துகளை நிர்வகிப்பது பற்றி ஓர் அறிக்கை அளித்தனர். மலேரியாக் காலத்தில் மருந்து சுமந்தவரும், மருந்தை ஆய்வுகூடத்தில் அளந்தவரும் ஒரே தாளில் கையொப்பமிட்டனர். அதே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் முதல் தலைவரானார்.

அவர்கள் செய்தது என்ன? நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த மருந்துகள் ஏறக்குறைய 2,100 என்றும், அவற்றுள் பல ஒரே பொருளின் மறுவேடங்கள் அல்லது பயனற்ற கலவைகள் என்றும் கண்டு, தேவையானவை ஏறக்குறைய 600 எனச் சுருக்கினார்கள். உலகெங்குமிருந்து விலைகோரி, மொத்தமாக வாங்கினார்கள். தனியார் இறக்குமதியைப் படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாற்றினார்கள். வைத்தியர்கள் பொதுப்பெயரில் துண்டெழுத வேண்டும் என்றார்கள். புக்ஹைம் தொடங்கிய கேள்வி இறுதியில் சுங்கத் துறையின் வாசலுக்கு வந்து நின்றது.

எங்கள் கடையில் இது எப்படித் தெரிந்தது என்றால், முதலில் குழப்பமாகத்தான். வழக்கமான பெட்டிகள் தீர்ந்தன. வெறுமையான உறையிலே பழக்கமற்ற நீண்ட பெயர்கள் வந்தன. வாங்க வருபவர்கள் பனடோல் கேட்பார்கள். பரசிற்றமோல் கொடுத்தால் இது வேறு என்று திருப்பித் தருவார்கள். முதலாளி ஒரு பழைய கணக்குக் கொப்பியை என்னிடம் தந்து, இடப்பக்கம் கம்பனிப் பெயரும் வலப்பக்கம் மெய்ப்பெயருமாக எழுதச் சொன்னார். மூன்று மாதம் எழுதினேன். இடப்பக்கத்தில் ஏழெட்டுப் பெயர்கள் நீளும். வலப்பக்கத்தில் ஒரே சொல் நிற்கும். டெட்ராசைக்கிளினுக்கு வந்தபோது அன்று மாலை மேலும் எழுத என்னால் இயலவில்லை.

விலை இறங்கியது. முன்னர் காசை எண்ணிப் பார்த்து, ஐந்து நாள் மருந்தில் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கிப் போன தோட்டத்து மனிதர்கள் முழுவதையும் வாங்கிப் போனதை நான் கண்டேன். தரம் குறைவு என்ற புகாரும் இருந்தது. எங்களிடம் வந்த சில குளிகைகள் உதிர்ந்துபோனதும் உண்டு. ஆயினும் அந்தப் புகாரை உரக்கச் சொன்னவர்கள் எல்லோரும் நோயாளியின் பொருட்டே சொன்னார்கள் என்று நான் நம்பவில்லை.

எதிர்ப்பின் வலிமையைப் பிபிலேயே எழுதிவைத்திருக்கிறார். சஞ்சய லால் என்னும் பொருளியல் அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1977இல் வெளியாயிற்று. அதில் வரும் ஒரு நிகழ்ச்சி இது. 1974இல் நாட்டில் வாந்திபேதி பரவிற்று. அதற்கு டெட்ராசைக்கிளின் வேண்டும். கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் கம்பனியிடம் மூலப்பொருளை வாங்கியிருந்தது. அதைக் குளிகையாக்கும் இயந்திரம் உள்நாட்டில் பைசர் கம்பனியின் ஆலையில் இருந்தது. ஆலை அந்தப் பொருளை ஏற்கவில்லை. அமைச்சர் ரி. பி. சுபசிங்க ஆலையை அரசுடைமையாக்க முனைந்தார். அமெரிக்கத் தூதர் பிரதமரைச் சந்தித்தார், முயற்சி கைவிடப்பட்டது. மருந்தை அவசரமாக விமானத்தில், கூடிய விலைக்கு, தருவிக்க நேர்ந்தது. ஒரு சிறு நாட்டின் பேராசிரியர் எந்த மலையோடு முட்டினார் என்பதற்கு இது போதும்.

இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்கலாகாது. அதே 1973, 74ஆம் ஆண்டுகள்தாம் எங்கள் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடிய காலம். அரிசியும் மாவும் சுருங்கின. தோட்டப்பகுதி மரணங்கள் திடுக்கிடும் வகையிற் பெருகின. மருந்தின் விலை இறங்கியதைக் கண்டு மகிழ்ந்த அதே கண்களால், மருந்தை விழுங்கச் சோறில்லாதவர்களையும் பார்த்தேன். குடியுரிமையற்ற எம்மவர்க்கு அந்த அரசு வேறென்ன செய்தது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிபிலேயை நான் தெய்வமாக்கவில்லை. அவருடைய கை எட்டியது மருந்து மட்டும். எட்டியதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

1976 ஓகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்தது. இலங்கையின் மருந்துக் கொள்கையை ஒட்டிய தீர்மானமொன்று அங்கே நிறைவேறியது. பிபிலே ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி அமைப்பில் பணியேற்று, பிற ஏழை நாடுகளுக்கும் இவ்வழியைச் சொல்லப் புறப்பட்டார். 1977 ஜூலையில் இங்கே ஆட்சி மாறியது. ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்செயல் சப்பிரகமுவைத் தோட்டங்களையும் எட்டியது. என் பெற்றோர் ஒரு வாரம் இறப்பர்க் காட்டுக்குள் ஒளிந்திருந்தனர். சிங்களவரான என் முதலாளி கடையின் பின்னறையிலே மருந்துப் பெட்டிகளுக்கிடையில் என்னை வைத்துப் பூட்டிக் காத்தார். அந்தப் பதற்றம் அடங்கிச் சில வாரங்களில், செப்டெம்பர் 29ஆம் திகதி, தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் பிபிலே திடீரென மரணமான செய்தி வந்தது. வயது 57. மாரடைப்பு என்றார்கள். நண்பர் சிலருக்கு ஐயம் இருந்தது; அது தீர்க்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. முதலாளி அன்று கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே சாத்தினார். ஏனென்று அவர் சொல்லவில்லை.

அவர் மறைந்த அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. இருநூறு சொச்சம் மருந்துகள். 1982இல் பங்களாதேசம் தன் மருந்துக் கொள்கையை வகுத்தது. இங்கேயோ இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. என் தட்டுகளில் பழைய பெயர்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பிவந்தன. தேசிய மருந்துகள் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டத்தைப் பேசிய எல்லோரும் பிபிலேயின் பெயரைச் சொன்னார்கள். 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. அவ்வாண்டில் இல்லை என்ற சொல்லை நான் வழிப்போக்கனாக நின்று பல கடைகளில் கேட்டேன்.

இவ்வளவையும் கேட்டிருந்த பேத்தி, அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறதா என்றாள். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பின்னர் என்னைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினாள். இரும்புச் சத்துக் குளிகைகளில் சல்பேற்று ஒன்று, குளுக்கோனேற்று ஒன்று. இரண்டையும் ஒரே மருந்தென்று நான் வலப்பக்கத்தில் ஒரே சொல்லில் எழுதியிருந்தேன். அவள் காகிதத்தின் ஓரத்தில் அணுநிறைகளைக் கூட்டி வகுத்துப் பார்த்தாள். ஒன்றில் நூற்றுக்கு இருபது பங்கு இரும்பு. மற்றதில் பன்னிரண்டு பங்கு கூட இல்லை. ஒன்றுக்கு ஒன்று பதிலாகக் கொடுக்கும்போது இதைப் பார்த்துக் கொடுத்தீர்களா தாத்தா என்று மெதுவாகக் கேட்டாள்.

கொடுத்த பெண்களின் முகங்கள் சில நினைவுக்கு வந்தன. பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் வேறொன்றும் சொல்லாமல், என்னிடம் பேனை வாங்கி அந்த வரியைத் திருத்தினாள். கொப்பியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கொண்டுபோ என்றேன். நான்கு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. நிலையம் வரை கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டு, தாயாருக்குச் சொல்ல வேண்டியதை நானே தொலைபேசியில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.